மறுநாள் காலையின் விசுவாசம்

கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களைக் குறித்து ஏசாயா தீர்க்கதரிசி மூன்று காரியங்களைச் சொல்லுகிறார். அவர்கள் கழுகைப்போல உயரே எழும்புவார்கள், ஓடுவார்கள், நடப்பார்கள் (ஏசாயா 40:31). இந்த வரிசை கவனிக்கத்தக்கது. குழந்தை முதலில் தவழ்கிறது, பின்பு நடக்கிறது, அதன்பின் ஓடுகிறது. வளர்ச்சி என்றால் மேல்நோக்கிப் போவது என்றே உலகம் கணக்கிடுகிறது. தீர்க்கதரிசியோ பறத்தலில் தொடங்கி, ஓட்டத்தின் வழியாக, நடையில் வந்து முடிக்கிறார். களைத்துப்போகாமல் நடக்கும் பெலனைக் கடைசி ஈவாக வைக்கிறார்.

பாபிலோனில் சிறையிருந்த ஜனங்களுக்காக உரைக்கப்பட்ட வார்த்தை அது. அவர்களுக்கும் எருசலேமுக்கும் இடையே நீண்ட தரைவழி கிடந்தது. அந்த வழியைக் கடக்க, நாள்தோறும் காலையில் எழுந்து மறுபடியும் அடியெடுத்து வைக்கும் கால்கள் வேண்டியிருந்தன. பறக்கிறவரை ஊரார் அண்ணாந்து பார்ப்பார்கள். ஓடுகிறவரை வழியோரம் நின்று உற்சாகப்படுத்துவார்கள். நடக்கிறவரை ஒருவரும் கவனிப்பதில்லை. ஆகையால் நடக்கிறவருக்கே அதிக பெலன் தேவைப்படுகிறது.

கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் விசுவாசம் பெருவெள்ளமாய்ப் பொங்குகிறது. கண்ணீரோடு ஒப்புக்கொடுத்தவர்கள் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள். அடுத்த நாள் திங்கட்கிழமை. பால் பாத்திரம் அடுப்பில் பொங்கி வழிகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் அதே மேலதிகாரி, மாதக் கடைசியில் அதே பற்றாக்குறை. கூட்டத்தில் எரிந்த தீபம் சமையலறையில் மங்குகிறது. அப்பொழுது உள்ளத்தில் ஒரு சந்தேகம் எழும்புகிறது: நேற்றைய அனுபவம் உண்மையானதுதானா?

உண்மையானதே. ஆனால் அது மெய்ப்பிக்கப்படும் இடம் மறுநாள் காலை. தம்மைப் பின்பற்ற விரும்புகிறவன் தன் சிலுவையை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை மூன்று சுவிசேஷகர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் லூக்கா மட்டும் "அனுதினமும்" என்னும் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார் (லூக்கா 9:23). அந்த ஒரு சொல்லின் பாரத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து நடந்த ஒரு மனிதரை இந்திய சபை நன்றாக அறியும். அவர் வில்லியம் கேரி. அவருடைய சாதனைகளைப் பட்டியலிட்டுப் போற்றுவது எளிது. அவருடைய சாதாரண நாட்களைப் பார்ப்பதே சோர்ந்திருப்பவர்களுக்கு அதிகப் பிரயோஜனமானது.

ஏழு ஆண்டுகளின் மௌனம்

1761-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்த கேரி, செருப்புத் தைக்கும் தொழில் கற்றவர். சபைப் போதகராய் இருந்த நாட்களிலும் வருமானம் போதாமல் தோலும் ஊசியும் பிடித்தவர். 1793 நவம்பரில் ஐந்து மாதக் கடற்பயணத்தின் முடிவில் அவர் வங்காளத்தில் இறங்கினார். கையில் இருந்த சிறு தொகை விரைவில் கரைந்துபோனது. குடியிருக்க நிலையான இடமில்லை. அடுத்த ஆண்டில் மால்டா பக்கத்து முத்னாபதியில் ஓர் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்க்கும் வேலை கிடைத்தது. பகலில் அந்த வேலை. மீதி நேரத்தில் வங்க மொழி கற்றலும் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பும். இப்படி அவர் வாழ்க்கை தொடங்கியது.

அதே 1794-இல் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பினால் மரித்தான். அந்நிய ஊரில், பிள்ளையின் கல்லறைக் குழியைத் தோண்டுவதற்கு ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. தகப்பனும் நோயுற்றுப் படுத்திருந்த வேளை அது.

ஓர் ஆண்டு கடந்தது. இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுகள் கடந்தன. கிராமம் கிராமமாக அவர் பிரசங்கித்தார். ஞானஸ்நானம் பெற ஓர் இந்தியரும் முன்வரவில்லை. ஆதரித்து அனுப்பியவர்களுக்கு எழுதும் கடிதங்களில் எண்ணிக்கையாகச் சொல்ல எதுவும் இல்லை. ஏழு ஆண்டுகள் அப்படிச் சென்றன.

1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேரி செராம்பூருக்குக் குடிபெயர்ந்து, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோருடன் சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பரில் கிருஷ்ணபால் என்னும் தச்சர் வழுக்கி விழுந்து கையை மூட்டு விலக்கிக்கொண்டார். மருத்துவர் ஜான் தாமஸ் அதைச் சரிசெய்தார். வலி தீர்ந்த மனிதர் நன்றியோடு திரும்பி வந்து, தம் பாவத்துக்கு என்ன வழி என்று கேட்டார். டிசம்பர் 28 அன்று ஹூக்ளி நதியில் கேரி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கேரியின் மூத்த மகன் பெலிக்ஸும் அதே நாளில் ஞானஸ்நானம் பெற்றான்.

ஏழு ஆண்டுப் பிரசங்கத்தினால் திறவாத கதவை, மூட்டு விலகிய ஒரு கை திறந்தது. விதைக்கிறவனுக்கு எந்த விதை முளைக்கும் என்று தெரிவதில்லை. காலையிலும் விதைக்க வேண்டும், மாலையிலும் கையை நெகிழவிடலாகாது என்று பிரசங்கி சொல்லுவது இதனால்தான் (பிரசங்கி 11:6). முளைக்கச் செய்கிறவர் தேவன். நாளைக்கும் களத்துக்குப் போவது விதைக்கிறவனின் பங்கு.

ஒரு நாளின் கணக்கு

கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் 1801-இல் கேரி ஆசிரியரானார். 1806-இல் எழுதிய ஒரு கடிதத்தில், அங்கே தாம் கழித்த ஒரு நாளை அவர் விவரித்திருக்கிறார். காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு எழுந்தார். எபிரெய வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசித்தார். ஏழு மணிவரை தனிஜெபம். பின்பு வீட்டு வேலைக்காரர்களோடு வங்க மொழியில் குடும்ப ஜெபம். அடுத்து ஒரு முன்ஷியிடம் பாரசீகப் பாடம். காலை உணவுக்குப் பின் ஒரு பண்டிதரோடு மொழிபெயர்ப்பு. பத்து மணியிலிருந்து பிற்பகல்வரை கல்லூரி. திரும்பி வந்ததும் அச்சுப்பிழை திருத்துதல். உணவுக்குப் பின் மத்தேயு சுவிசேஷத்தைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்தல். மாலை ஆறு மணிக்குத் தெலுங்குப் பண்டிதர் வந்தார். ஏழரை மணிக்குச் சிறு கூட்டத்துக்குப் பிரசங்கம். ஒன்பது மணிக்கு மறுபடியும் மேசையில் அமர்ந்து எசேக்கியேல் மொழிபெயர்ப்பு. பதினொரு மணிக்குக் கடிதம். கிரேக்க ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தோடு அந்த நாள் முடிந்தது.

இதை வாசிக்கிறவர்கள் மலைத்துப்போகலாம். ஆனால் அந்தக் கடிதத்தில் அற்புதம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தரிசனம் இல்லை, வானத்திலிருந்து குரல் இல்லை. பாடம், பிழைத்திருத்தம், உணவு, மறுபடியும் பாடம். ஒரு நாளின் இரண்டு ஓரங்களிலும் வேதவசனம், நடுவில் வேலை. இத்தகைய நாட்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தபோது 1801-இல் வங்கப் புதிய ஏற்பாடு வெளிவந்தது; 1809-இல் வங்க வேதாகமம் முழுமையடைந்தது. கேரியின் காலத்திற்குள் முழு வேதாகமம் ஆறு இந்திய மொழிகளிலும், அதன் பகுதிகள் வேறு பல மொழிகளிலும் செராம்பூரிலிருந்து புறப்பட்டன. அவற்றுள் பல பிற்காலத்தவரால் திருத்தப்பட்டன, புதிதாகவும் செய்யப்பட்டன. தாம் போட்ட வழியை அடுத்தவர் செப்பனிடுவது நடக்கிறவருக்குச் சிறுமையாகாது.

அந்த மேசையைச் சுற்றி அவரோடு வேறு பலரும் இருந்தார்கள். மிருத்யுஞ்சய வித்யாலங்கார் போன்ற பண்டிதர்கள் சொற்களை நிறுத்துத் தந்தார்கள். பஞ்சானன் கர்மகார் எஃகில் எழுத்து வெட்டினார். 1804-இல் அவர் காலமான பின்பு அவருடைய மருமகன் மனோகர் அந்தத் தொழிலைத் தொடர்ந்தார். ஒவ்வொரு வேதப் புத்தகத்துக்குப் பின்னாலும் இப்படிப் பலருடைய அன்றாட உழைப்பு மறைந்திருக்கிறது.

தம் சகோதரன் மகன் யூஸ்டஸிடம் கேரி ஒருமுறை தம்மைப் பற்றிப் பேசினார். தம் வரலாற்றை எழுதுகிறவர் தம்மை விடாமல் உழைத்து நடக்கிறவர் என்று ஒப்புக்கொண்டால் அது சரியான மதிப்பீடு. அதற்கு மேல் சொல்லப்படுவது எல்லாம் மிகை என்பது அவர் கருத்து. குறித்த ஒரு காரியத்தில் தளராமல் நிலைத்திருக்கத் தமக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்றார். தாலந்து குறைவு என்று வருந்துகிற விசுவாசிக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேண்டியதில்லை. கொஞ்சத்தில் உண்மையாயிருப்பதற்குத் தாலந்தின் அளவு தடையாவதில்லை (லூக்கா 16:10).

மூடிய கதவுக்குப் பின்னால்

இதுவரை சொன்னது பெரும்பாலோர் கேட்டிருக்கும் பகுதி. குறைவாகச் சொல்லப்படும் பகுதி ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசினால் இந்தச் சாட்சி முழுமையாகாது.

கேரியின் மனைவி டாரத்தி இந்தியாவுக்கு வர முதலில் மறுத்தவர். பிறந்து சில வாரங்களே ஆன கைக்குழந்தையோடு, கடைசி நேரத்தில், தம் தங்கையும் உடன் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டவர். வறுமை, நோய், இடப்பெயர்ச்சி, எல்லாவற்றுக்கும் மேலாக பீட்டரின் மரணம் ஆகியவை அவர்மேல் விழுந்தன. 1795 முதல் அவருடைய மனம் கலங்கியது. 1807 டிசம்பரில் மரிக்கும்வரை, ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள், அந்த நோய் அவரை விடவில்லை. பல சமயம் அவரை அறையில் அடைத்துவைக்க வேண்டியிருந்தது. பக்கத்து அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணபால் ஞானஸ்நானம் பெற்ற அந்த மகிழ்ச்சியின் நாளிலும் டாரத்தி தம் அறையில் கதறிக்கொண்டிருந்தார். ஏழு ஆண்டுக் காத்திருப்பு நிறைவேறிய மகிழ்ச்சியைத் தாங்காமல் மருத்துவர் தாமஸும் அந்நாட்களில் சித்தம் கலங்கியிருந்தார். நதிக்கரையில் எழுந்த பாட்டோடு அவ்விருவரின் கூக்குரலும் கலந்தே ஒலித்தது.

கேரி மனைவியைக் கைவிடவில்லை. அக்காலத்து மனநோய் விடுதிக்கு அனுப்பிவிடும்படி சொல்லப்பட்டபோதும் அவரை வீட்டிலேயே வைத்துக் காத்தார். ஆயினும் அவருடைய நான்கு மகன்களும் கட்டுப்பாடும் கவனிப்பும் இன்றி வளர்ந்தார்கள். தகப்பன் பணியில் மூழ்கியிருந்தார். தாய் நோயில் மூழ்கியிருந்தார். மார்ஷ்மனின் மனைவி ஹன்னா இதைக் கண்டு மனம் வருந்தினார். பிள்ளைகளைக் கண்டிக்கவேண்டிய இடத்தில் கேரி இளகிவிடுகிறார் என்பதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதோடு நிறுத்தாமல் அந்தப் பிள்ளைகளுக்குத் தாயைப்போல நின்றார். வார்டு பெலிக்ஸுக்கு மூத்த நண்பராகி, அவனைக் கர்த்தரண்டை வழிநடத்தினார்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது எச்சரிப்பு. ஊழியத்தில் தளராமல் நடக்கிற ஒருவர், தம் வீட்டு வாசலுக்குள் நடக்க மறந்துபோக முடியும். தன் வீட்டாரைக் கவனியாதவனைக் குறித்து அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய கடினமான வார்த்தை (1 தீமோத்தேயு 5:8) ஊழியருக்கும் உரியதே. ஆலயத்துக்கு ஓடும் கால்கள், பிள்ளையின் பாடப்புத்தகத்தருகே அரைமணி நேரம் உட்காருவதும் அனுதின சிலுவையைச் சேர்ந்தது. மனைவியின் தயக்கத்தை அவிசுவாசம் என்று தள்ளாமல் காதுகொடுத்துக் கேட்பதும் அதைச் சேர்ந்தது.

இரண்டாவது ஆறுதல். ஒருவர் தவறவிட்ட அடிகளை எடுத்துவைக்கத் தேவன் வேறொருவரை எழுப்புகிறார். ஹன்னா மார்ஷ்மன் செய்த வேலைக்கு அன்று ஒருவரும் பெயர் வைக்கவில்லை. பள்ளி நடத்தி, அதன் வருமானத்தால் ஊழியத்தைத் தாங்கி, தம் பிள்ளைகளோடு பிறர் பிள்ளைகளையும் கண்டித்து வளர்த்தார். ஒருவருடைய பாரத்தை மற்றொருவர் சுமந்து கிறிஸ்துவின் பிரமாணத்தை நிறைவேற்றும்படியான கட்டளை (கலாத்தியர் 6:2) செராம்பூரில் இவ்விதமாய் நிறைவேறிற்று.

இன்றைய சபைக்கு இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. டாரத்தியின் காலத்தில் மனநோய்க்குத் தக்க சிகிச்சை இல்லை. இன்று மருத்துவரும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. ஆனாலும் பல விசுவாசக் குடும்பங்கள் அந்த நோயை மூடிய கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கின்றன. விசுவாசக் குறைவு என்றோ, சாபம் என்றோ, பிசாசின் பிடி என்றோ யாராவது சொல்லிவிடுவார்கள் என்னும் பயமே காரணம். காய்ச்சலுக்கு ஜெபித்து மருந்தும் கொடுக்கிற சபை, மனக்கலக்கத்துக்கும் ஜெபித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு மணி நேரம் நோயாளியோடு உட்கார்ந்து, பராமரிக்கிறவரைச் சற்று இளைப்பாற விடுகிற சகோதரி, அந்த வாரத்தின் மிகச்சிறந்த பிரசங்கத்தைச் செய்தவராகிறார்.

சாம்பலுக்கு அடுத்த நாள்

1812 மார்ச் 11, புதன்கிழமை மாலை. செராம்பூர் அச்சுக்கூடத்தில் தீப்பற்றியது. வார்டும் மார்ஷ்மனும் கதவு ஜன்னல்களை அடைத்துத் தீயை மூச்சுத்திணற வைக்க முயன்றார்கள். இரவில் தீ மூண்டெழுந்தது. நடு இரவில் கூரை இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மலைபோல் அடுக்கியிருந்த காகிதமும், பதினான்கு கீழ்த்திசை மொழிகளின் அச்செழுத்துக்களும் அழிந்தன. கேரி ஆண்டுக்கணக்கில் தொகுத்துவந்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதியும், இலக்கண நூல்களின் பிரதிகளும் அவற்றோடு எரிந்தன. நஷ்டம் ஏறக்குறைய 10,000 பவுன் என்று மதிப்பிடப்பட்டது.

கேரி அப்பொழுது கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் காலை மார்ஷ்மன் போய்ச் செய்தி சொன்னார். செராம்பூருக்குத் திரும்பிப் புகைந்துகொண்டிருந்த இடிபாடுகளைப் பார்த்த கேரியின் கண்கள் நிறைந்தன. பல ஆண்டு உழைப்பு ஒரே மாலையில் எரிந்துபோயிற்று என்று அவர் துக்கித்தார். விசுவாச வீரர் அழமாட்டார் என்று எண்ணுகிறவர்கள் இதை அறியவேண்டும். லாசருவின் கல்லறையண்டையில் ஆண்டவரே கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). கண்ணீரும் விசுவாசமும் ஒரே முகத்தில் இருக்க முடியும்.

வந்த ஓய்வுநாளில் கேரி பிரசங்கித்தார். அமர்ந்திருந்து தேவனை அறிந்துகொள்ளும்படி அழைக்கிற 46-ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனமே ஆதாரம். தேவன் தம்முடையவர்களைக் குறித்துத் தமது சித்தத்தின்படி செய்ய உரிமையுள்ளவர். அவருக்கு அடங்கியிருப்பது மனிதனின் கடமை என்று எடுத்துரைத்தார்.

அமர்ந்திருந்தார் என்பதால் கைகட்டி உட்கார்ந்திருந்தார் என்று பொருளில்லை. அச்சு இயந்திரங்கள் தப்பியிருந்தன. சாம்பலைக் கிளறியபோது, எழுத்து வார்ப்பதற்கு ஆதாரமான எஃகு முத்திரைகள் ஆயிரக்கணக்கில் சேதமின்றிக் கிடைத்தன. உருகிக் கட்டியாய்க் கிடந்த ஈயத்தையே திரும்ப உருக்கி, உடனே எழுத்து வார்க்கத் தொடங்கினார்கள். சில மாதங்களில் பல மொழிகளில் அச்சுவேலை மறுபடியும் நடந்தது. ஒரு பாதையை இரண்டாம் முறை கடப்பது வேதனையாயினும், முதல்முறையைவிட எளிதாகவும் உறுதியாகவும் இருக்கும் என்று கேரி தம்மைத் தேற்றிக்கொண்டார். செய்தி இங்கிலாந்தை எட்டியபோது, நஷ்டம் முழுவதையும் ஈடுசெய்யும் காணிக்கை ஏறக்குறைய ஐம்பதே நாட்களில் சேர்ந்தது. அதுவரை செராம்பூரை அறியாதிருந்த பலர் அந்தத் தீயின் வெளிச்சத்தில் அதைக் கண்டார்கள்.

ஆயினும் எல்லாம் திரும்பி வரவில்லை. அந்தப் பன்மொழி அகராதி மீளவில்லை. டாரத்தியும் பீட்டரும் திரும்பி வரவில்லை. விசுவாசத்தோடு காத்திருந்தால் இழந்ததெல்லாம் இரட்டிப்பாய்க் கிடைக்கும் என்று சொல்லி, சாம்பலில் உட்கார்ந்திருப்பவரை அவசரமாய் எழுப்பக்கூடாது. அவருக்குச் சொல்லத்தக்க உண்மை வேறொன்று உண்டு. சாம்பலுக்குள் இன்னும் எரியாமல் எஃகு கிடக்கிறது. தேவனுடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று புலம்பலின் புத்தகம் சொல்லுகிறது (புலம்பல் 3:22-23). எருசலேம் எரிந்த பின்பு, அந்தச் சாம்பலின்மேல் உட்கார்ந்து பாடப்பட்ட வார்த்தை அது. சுகமான நாளில் எழுதப்பட்டிருந்தால் அதற்கு இவ்வளவு பெலன் இருந்திராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கடமை

1799-இல் ஒரு நதிக்கரையில், மாண்ட கணவனின் சிதையில் ஒரு விதவை எரிக்கப்படுவதைக் கேரி கண்டார். தடுக்க முயன்றும் முடியவில்லை. அன்றுமுதல் அந்தக் கொடுமைக்கு எதிராக எழுதியும், விவரங்கள் திரட்டியும், அதிகாரிகளிடம் முறையிட்டும் வந்தார். ராஜாராம் மோகன் ராய் முதலான இந்தியச் சீர்திருத்தவாதிகளும் அதற்காகப் போராடினார்கள். முப்பது ஆண்டுகள் சென்றன. 1829 டிசம்பர் 4 அன்று ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் அதைத் தடைசெய்தார்.

அந்தச் சட்டத்தை வங்க மொழியில் பெயர்க்கும்படி கேரியிடம் அனுப்பினார்கள். அது அவர் கைக்கு வந்தது 6-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் பிரசங்கிக்கவேண்டிய வேளை. கேரி பிரசங்கப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்புவித்துவிட்டு, தம் பண்டிதரோடு மேசையில் அமர்ந்து, மாலைக்குள் மொழிபெயர்ப்பை முடித்தார். ஒரு மணி நேரம் தாமதித்தால் ஒரு விதவையின் உயிர் போகலாம் என்பது அவர் கவலை. வாழ்நாளெல்லாம் ஓய்வுநாளைக் கவனமாய்க் கைக்கொண்டவர் அவர். ஓய்வுநாளில் உயிரைக் காப்பாற்றுவது நியாயமோ என்று ஆண்டவர் கேட்ட கேள்விக்கு (மாற்கு 3:4) அன்று அவர் கொடுத்த பதில் பிரசங்க பீடத்தில் கேட்கப்படவில்லை. அது ஒரு மைக்கூட்டிலிருந்து வந்தது.

முப்பது ஆண்டுகள் நாள்தோறும் வங்கச் சொற்களோடு பழகியிராவிட்டால், அந்த ஒரு நாளில் அவரால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. பெரிய தருணம் வரும்போது பெலன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், சிறிய நாட்களிலிருந்து வருகிறது என்பதே பதில்.

இன்றைய நடை

கேரியின் நாட்கள் கடந்துபோயின. 1834 ஜூன் 9 அன்று அவர் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். மரணப்படுக்கையில் தம்மைப் புகழ்ந்து பேசிய இளம் மிஷனெரி அலெக்ஸாண்டர் டஃப்பிடம், தம்மைப் பற்றிப் பேசவேண்டாம், தம் இரட்சகரைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார். அவரும் தோழர்களும் 1818-இல் தொடங்கிய கல்லூரி இன்றும் ஹூக்ளிக் கரையில் நிற்கிறது. செராம்பூரின் பட்டம் பெற்ற போதகர்கள் தமிழகத்துச் சபைகள் உட்பட இந்தியா எங்கும் ஊழியம் செய்கிறார்கள்.

கேரிக்குக் கிடைத்த அதே இருபத்துநான்கு மணி நேரம் இன்றைய விசுவாசிக்கும் கிடைக்கிறது. மும்பை மின்தொடரியில் நெரிசலில் நின்றபடி வேலைக்குப் போகிறவருக்கு, ஒரு சங்கீதத்தை மனதில் அசைபோட அந்த ஒரு மணி நேரம் போதும். வட மாநில மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் தாதி, அதிகாலை மூன்று மணிக்கு முனகும் நோயாளியின் படுக்கையை முகம் சுளிக்காமல் மாற்றும்போது, கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யும்படியான கட்டளையை (கொலோசெயர் 3:23) நிறைவேற்றுகிறார். அலுவலகத்தில் பொய்ப் பட்டியலில் கையெழுத்திட மறுத்து, பதவி உயர்வை இழந்து, மறுநாள் அதே நாற்காலியில் கசப்பின்றி அமருகிற ஊழியரின் நடை தேவனுடைய கண்ணுக்கு மறைவானதல்ல. குடிக்கு அடிமையான மகனுக்காகப் பத்தாம் ஆண்டும் முழங்கால்படியிடுகிற தாய், அந்த ஜெபத்தோடு அவனைச் சிகிச்சைக்கும் அழைத்துச் செல்லும்போது, விசுவாசத்தில் ஒரு படியும் இறங்கிவிடவில்லை.

நாளை முழுவதையும் இன்றே சுமக்க ஒருவரும் அழைக்கப்படவில்லை. வனாந்தரத்தில் மன்னா அன்றன்றைக்கே கிடைத்தது. மறுநாளுக்கு என்று பதுக்கியது புழுத்துப்போயிற்று (யாத்திராகமம் 16:20). ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபமும் அன்றன்றைய அப்பத்தையே கேட்கிறது. வருகிற ஆண்டுக்கான தைரியம் இன்று இல்லையே என்று கலங்கவேண்டாம். இன்றைக்குப் போதுமான அளவு இன்று காலை கூடாரத்தின் வாசலில் விழுந்திருக்கிறது. அதைக் குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

தேவகுமாரன் பூமியில் இருந்த ஆண்டுகளில் வெளியரங்கமான ஊழியம் மூன்று ஆண்டுகளளவே. அதற்கு முன் ஏறக்குறைய முப்பது வயதுவரை (லூக்கா 3:23) நாசரேத்து என்னும் சிற்றூரில், தச்சனாக (மாற்கு 6:3), மரத்தூளின் நடுவே அவர் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அவர் செய்த ஓர் அற்புதத்தையும் சுவிசேஷங்கள் குறிப்பிடவில்லை. இருந்தும், அவர் ஞானஸ்நானம் பெற்ற அன்று, முதல் அற்புதத்துக்கு முன்பே, பிதா தமது பிரியத்தை வானத்திலிருந்து அறிவித்தார். பிதாவின் பிரியம் அந்தத் தச்சுப்பட்டறையின் நாட்கள்மேலும் தங்கியிருந்தது.

ஆகையால், கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, பறக்க முடியாத காலத்தை வீணான காலம் என்று எண்ணாதீர்கள். ஓட முடியாதபோது விசுவாசம் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். இன்று இரவு ஏதோ ஒன்று எரிந்து சாம்பலாகியிருந்தால், அழுதுவிட்டு உறங்குங்கள். காலையில் எழுந்து, வசனத்தைத் திறந்து, முதல் வேலையைக் கையில் எடுங்கள். கதவை மூடிக்கொண்டு தனியே பாரம் சுமக்கிற ஒருவர் அண்டை வீட்டில் இருந்தால், போகிற வழியில் அந்தக் கதவைத் தட்டுங்கள். நடக்கிறவர்களோடு நடக்கிற ஆண்டவர், எம்மாவு வழியில் துக்கமுகமாய்ப் போன இருவரோடு சேர்ந்துகொண்டதுபோல, உங்கள் அன்றாட வழியிலும் சேர்ந்துகொள்வாராக. களைப்படையாமல் நடக்கும் பெலனை அவர் உங்களுக்குக் காலைதோறும் அருளுவாராக. ஆமென்.